இறால் போடாத பொட்டலம்

அத்தியாயம் 9

"எங்க மேடம் போயிருப்பாரு? நூத்திப்பத்து கிலோ மனுஷன். தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சாலும் ரெண்டு பக்கமும் தெரியணுமே!"

டிங்டாங் பலாசோ இப்படி அலுத்துக்கொண்டபோது மாகாண சபைக் கட்டடத்தின் கூடத்துக் கடிகாரம் மூன்றுக்குப் பத்து நிமிடம் காட்டியது. இரண்டு மணிக்குத் தொடங்க வேண்டிய விசாரணை இன்னும் தொடங்கவில்லை. தொடங்கத் தேவையான ஆள் மூன்று நாளாக யார் கண்ணிலும் படவில்லை.

அந்த ஆள் மாண்புமிகு பேபி எஸ்குவெத்தா. வயது அறுபத்தெட்டு. பேரனுக்கு மீசை முளைத்துவிட்டது, ஆனாலும் அவர் பேபிதான். சான் பெலாயோ மாகாணத்தில் தொட்டிலில் ஒட்டிய செல்லப்பெயர் தலைமுடி கொட்டினாலும் கொட்டாது. நியமனக் குழுவின் தலைவி மாண்புமிகு கேர்லி மொன்டெரோலா. அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற உறுப்பினர் மாண்புமிகு பாய் லக்சாமானா. பேபி, கேர்லி, பாய் மூவருக்கும் சேர்த்து ஒன்று குறைய இருநூறு வயது.

டிங்டாங் யாரையும் கேலி செய்ய முடியாது. அவன் பேரே டிங்டாங். அவனுக்கும் நாற்பத்தொன்று.

"மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லு" என்றார் மிலாக்ரோஸ் தும்பாகா. அவனை உதவியாளாக வைத்துக்கொண்டு சலவைக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் மிலா மேடம், அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் இதே சபையில் சுருக்கெழுத்தாளர். எந்த உறுப்பினர் பொய் சொல்வதற்கு முன்னால் தண்ணீர் குடிப்பார், யார் மூக்கைச் சொறிவார் என்பதெல்லாம் அவர் விரல்களுக்கு மனப்பாடம்.

டிங்டாங் விரல் விட்டு எண்ணினான். "டாக்டர் பெர்பெக்தாவை கவர்னர் கால்நடைத் தலைமை டாக்டரா போட்டாரு. இந்தக் குழு விசாரிச்சு முடிவு சொல்லணும். அவங்க சொல்றதுதான் சபை முடிவு. அஞ்சு பேர் குழு. ரெண்டு பேர் குப்பை பிரிக்கக் கத்துக்கறேன்னு கொரியா போயிட்டாங்க. மிச்சம் மூணு. மூணு பேரும் உட்கார்ந்தாத்தான் கோரம். பேபி இல்லைன்னா விசாரணை இல்ல. இன்னிக்குப் பதினஞ்சாவது நாள், அஞ்சு மணியோட கெடு முடியுது. அதுக்குள்ள பேபியைத் தேடிக் கொண்டாந்து நாற்காலியில உட்கார வைங்கன்னு கேர்லி காலையில நம்மகிட்ட சொன்னாங்க. சரியா?"

"சரி."

"அப்ப ஓடுங்க மேடம்! டாக்டர் பொழைப்பு போயிடும்!"

அவனுக்கு அது வெறும் வேலையில்லை. போன வருடம் பன்றிக் காய்ச்சல் பக்கத்து மாகாணத்தைத் துடைத்துப் போட்டபோது, டாக்டர் பெர்பெக்தா மங்குபாட் ஆற்றுப் பாலத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சான்றிதழ் இல்லாமல் ஒரு பன்றிக்குட்டிகூட பாலம் தாண்டவில்லை. கேர்லியின் மைத்துனர் பண்ணையிலிருந்து வந்த மூன்று லாரிகளும் தாண்டவில்லை. அதனால் டிங்டாங்கின் மனைவி வளர்க்கும் ஆறு பன்றிகளும் உயிரோடு இருந்தன. அவன் மகளின் நர்சிங் படிப்பு அந்த ஆறு முதுகுகளின் மேல்தான் நடந்துகொண்டிருந்தது. டாக்டரை அனுப்பிவிட்டால் பாலத்துக் காவலும் போய்விடும்.

விசாரணைக் கூடத்தில் டாக்டர் பெர்பெக்தா முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் கோப்பு. இரண்டு மணியிலிருந்து முதுகு நாற்காலியில் சாயவில்லை.

"என் நினோங் கிடைச்சாரா?" என்று கேட்டார். அவர் கல்யாணத்தில் ஞானத்தந்தையாக நின்றவர் பேபி. பேபிக்கு இப்படி நானூற்றுச் சொச்சம் ஞானப்பிள்ளைகள். அரசியல்வாதி நிற்காத கல்யாணம் அந்த ஊரில் பாதிக் கல்யாணம்.

"கிடைச்சுடுவாரு டாக்டர்" என்றான் டிங்டாங். "அவர் வீட்டுல பார்த்தாச்சு. சேவச்சண்டைக் களத்துல பார்த்தாச்சு. அவர் தினம் தூங்குற முடிவெட்டுக் கடையிலயும் பார்த்தாச்சு."

"பெரிய ஆஸ்பத்திரியில?"

"பார்த்தாச்சு. அங்க அவர் பேர்ல ஒரு கட்டடம் இருக்கு. அவர் இல்ல."

மேடையில் கேர்லி விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாய், காற்று வந்த பக்கமெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். கேர்லி மிலாவைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மிலா புன்னகைத்துவிட்டு நேரே படியிறங்கினார்.

"மேடம், எங்க?"

"கேன்டீனுக்கு."

"மனுஷன் காணாமப் போயிருக்காரு, உங்களுக்குப் பசிக்குதா?"

"எனக்கில்ல. அவருக்குப் பசிக்கும்."

*

சான் பெலாயோவில் விசாரணை நடக்காமல் போகலாம். தீர்மானம் நிறைவேறாமல் போகலாம். மூன்று மணிக்கு மெரியெண்டா என்கிற மாலைப் பலகாரம் வராமல் போனதாக மட்டும் சரித்திரம் கிடையாது. ஒருமுறை புயலில் கூரை பறந்தபோதும் உறுப்பினர்கள் மேசைக்கடியில் உட்கார்ந்து பலகாரத்தை முடித்துவிட்டுத்தான் வெளியேறினார்கள்.

கேன்டீனில் சமையல்காரக் கிழவி அலிங் பாசிங் பெரிய இரும்புச் சட்டியில் பான்சிட் கிளறிக்கொண்டிருந்தார். சேமியா மாதிரி மெல்லிசு நூடுல்ஸ், மேலே முட்டைக்கோஸ், பன்றி ஈரல், தாராளமாக இறால். அட்டைப் பெட்டிகள் வரிசையாகத் திறந்து கிடந்தன. மிலா மேடம் எதுவும் கேட்காமல் பெட்டிகளை எண்ணினார்.

"பன்னெண்டு" என்றார் மெதுவாக.

"இருக்கட்டுமே" என்றான் டிங்டாங்.

"பதினோரு பெட்டியில இறால் இருக்கு. ஒண்ணுல இல்ல. அந்த ஒண்ணுக்கு மட்டும் சிவப்பு ரப்பர் பேண்டு."

"இறால் தீர்ந்திருக்கும்."

"சட்டியைப் பாரு."

சட்டியில் இறால் முட்டி மோதிக்கொண்டிருந்தது. டிங்டாங் எச்சில் விழுங்கினான்.

மிலா கிசுகிசுத்தார். "மீன்பிடித் துறைமுக மசோதா விசாரணை. பதினாறு வருஷம் முன்னாடி. மாண்புமிகு பேபி ஒரே ஒரு இறால் தின்னாரு. உதடு ரெண்டும் வாழைப்பழம் மாதிரி வீங்கிப்போச்சு. 'உறுப்பினர் தொடர்ந்து பேச இயலாமல் அமர்ந்தார்'னு குறிப்பெடுத்தது நான்தான். அன்னிலேர்ந்து அவருக்கு மட்டும் இறால் இல்லாத பெட்டி. இந்தச் சபையில வேற யாருக்கும் அந்த வியாதி கிடையாது."

"அதனால?"

"மூணு நாளா காணாமப் போன மனுஷனுக்கு இன்னிக்கு ஏண்டா பெட்டி கட்டறாங்க?"

டிங்டாங்கின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு அந்த வாய் வழக்கம்போல வேலை செய்தது. "அலிங் பாசிங்! அந்தச் சிவப்பு ரப்பர் பேண்டு யாருக்கு?"

கிழவி கரண்டியைக் கீழே போடாத குறை. "அது... நாய்க்கு."

"நாய்க்கு இறால் ஒத்துக்காதோ?"

"நல்ல சாதி நாய். எனக்கு வேலை கிடக்கு, போடா!"

மிலா அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். "கேள்வி கேட்டா கதவு மூடும். பெட்டி பின்னாடி போனா கதவு திறக்கும். வாயை மூடிட்டு நில்லு."

வாயை மூடிக்கொண்டு நிற்பது டிங்டாங்குக்கு உடம்புக்கு ஆகாத காரியம். ஆனாலும் நாற்பது நிமிடம் மாகாணத்தை நிறுவியவரின் சிலைக்குப் பின்னால் நின்றான். புறா ஒன்று அவன் தோளில் தன் கருத்தைப் பதிவு செய்துவிட்டுப் போனது.

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அலிங் பாசிங் வந்தார். கையில் ஒரு வாளி. வாளிக்கு மேல் ஒரு துணி. துணிக்கடியில் பெட்டியின் மூலை தெரிந்தது. கிழவி இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பிறகு பின்வாசல் வழியாகப் போனார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார். கொடிக்கம்பத்தைத் தாண்டினார். வேலிக்கு அப்பால் இருந்த தாழ்வான வெள்ளைக் கட்டடத்துக்குள் நுழைந்தார்.

டிங்டாங் நின்றுவிட்டான். கட்டடத்தின் நெற்றியில் எழுதியிருந்ததைப் படித்ததும் அவன் முகம் சுருங்கியது. மாகாணக் கால்நடை மருத்துவமனை.

"இது டாக்டரோட இடம் மேடம்."

"தெரியும்."

"டாக்டரே அவரைப் பிடிச்சு அடைச்சு வச்சிருக்காங்களா? அங்க ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்து 'நினோங் கிடைச்சாரா'ன்னு கேட்டாங்களே! நான் அவங்களுக்காக ரெண்டு மெழுகுவத்தி ஏத்தியிருக்கேன் மேடம்!"

நேர்மையான ஒரே ஒரு அதிகாரியை நம்பியிருந்தான். அவரும் இப்படியா என்று நெஞ்சு நிஜமாகவே வலித்தது. மிலா, அலிங் பாசிங் வெறும் வாளியோடு திரும்பிப் போகும்வரை காத்திருந்துவிட்டு உள்ளே நடந்தார்.

நடையின் கோடியில் ஒரு இரும்புக் கதவு. கதவில் சிவப்பெழுத்தில் பலகை. 'வெறிநோய் கண்காணிப்பு அறை. திறக்காதே.' அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் ஐந்தாறு வரிகள். மிலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். டிங்டாங் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கினான்.

"உள்ள கடிக்கிற நாய் இருக்கு மேடம். போயிடலாம்."

"ஜன்னலுக்குக் கீழ பாரு."

பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே புல்லில் சின்னச் சின்னப் பச்சைத் தோல்கள் கிடந்தன. கலமான்சி எலுமிச்சைத் தோல். பிழிந்து தூக்கிப் போட்டவை. சில காய்ந்தவை, இரண்டு ஈரமானவை. பக்கத்தில் நாலைந்து பல்குத்தும் குச்சிகள்.

"எனக்குத் தெரிஞ்சு வெறிநாய் தண்ணியப் பார்த்தா பயப்படும்" என்றார் மிலா. "பான்சிட்டுக்கு எலுமிச்சை பிழிஞ்சு தின்னுட்டு, பல்லும் குத்திக்கிற வெறிநாயை நான் கேள்விப்பட்டதில்ல."

டிங்டாங் கதவைத் தட்டினான். பதிலில்லை. "மாண்புமிகு எஸ்குவெத்தா சார்!" பதிலில்லை. உள்ளேயிருந்து 'வவ்' என்று ஒரு சத்தம். அதில் நாயின் குரலைவிட நடுத்தர வயதைத் தாண்டிய புகைபிடிப்பவரின் குரலே தூக்கலாக இருந்தது.

மிலா தொண்டையைச் செருமிக்கொண்டு, சபையில் பேசுவதுபோல உரக்கச் சொன்னார்.

"தலைவர் அவர்களே, மாண்புமிகு எஸ்குவெத்தா போன வருஷம் முழுக்கப் பேசினது அத்தனையும் சபைக் குறிப்பிலேர்ந்து நீக்கணும்னு கேட்டுக்கறேன். ஆட்சேபணை இருக்கா?"

"ஆட்சேபிக்கிறேன்!" என்று இடி இடித்தது உள்ளே. "ஒரு எழுத்தைத் தொடக் கூடாது!"

பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

*

மாண்புமிகு பேபி எஸ்குவெத்தா பனியனோடு ஒரு தீவன மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். முன்னால் பாதி தின்ற பான்சிட். பக்கத்தில் ஒரு கிழட்டு நாய், அவருடைய புறங்கையைப் பாசமாக நக்கிக்கொண்டிருந்தது. டிங்டாங் ஒரே பாய்ச்சலில் உள்ளே நுழைந்து அவரைக் கட்டிக்கொண்டான். வந்த வேகத்தில் தாழ்ப்பாள் கீறி விரலில் ரத்தம் துளிர்த்தது. நாய் அதையும் நக்கியது.

மிலா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"உங்களை இங்க யார் சார் அடைச்சது? டாக்டரா?" என்று கேட்டான் டிங்டாங்.

"பெர்பெக்தாவா?" பேபி சிரித்தேவிட்டார். "அவளுக்குத் தெரிஞ்சா நேத்தே என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பா. சான்றிதழ் இல்லாம ஆட்டையே உள்ள விடமாட்டா. இந்தக் கட்டடத்தைத் திறந்து வச்சது நான். அப்பக் கையில ஒரு சாவி குடுத்தாங்க. வேடிக்கை என்னன்னா, இங்க வேலை செய்யற ஒரே சாவி அதுதான்."

டிங்டாங்குக்கு இரண்டு மெழுகுவத்தியும் திரும்பக் கிடைத்த சந்தோஷம். டாக்டர் சுத்தம்! அவன் செல்போனை எடுத்துப் பரபரவென்று எதையோ தட்டினான்.

"அப்ப ஏன் சார் ஒளிஞ்சீங்க?" என்றார் மிலா.

பேபி பெட்டியை மூடி வைத்தார். "மிலாம்மா, உனக்குத் தெரியாததா? பெர்பெக்தா என் ஞானமகள். மாதா கோயில்ல அவளுக்குப் பக்கத்துல நின்னு சத்தியம் பண்ணியிருக்கேன். கேர்லியோட மூத்த பையனுக்கும் நான்தான் நினோங். அதனால கேர்லி எனக்கு குமாரே, நான் அவளுக்கு கும்பாரே, கூடப்பிறந்தவளுக்கும் மேல. வேண்டாம்னு கை தூக்கினா சாமி கேட்கும். வேணும்னு தூக்கினா கேர்லி கேட்பா. சாமியாவது செத்தப்புறம் கேட்கும். கேர்லி அடுத்த தேர்தல்லயே கேட்பா." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருதலைக் கொள்ளி எறும்பு மாதிரி ஆயிட்டேன். அதான் நாய்கூட வந்து உட்கார்ந்துட்டேன்."

"சார், நீங்க கையே தூக்க வேணாம்!" என்றான் டிங்டாங். "சும்மா வந்து நாற்காலியில உட்காருங்க. கோரம் வந்துடும். டாக்டர் தப்பிச்சுடுவாங்க!"

"டாக்டர் போயிடுவாங்க" என்றார் மிலா.

"என்ன மேடம்?"

"கேர்லி ஒண்ணு, தலையாட்டுற பாய் ஒண்ணு. ரெண்டு பேரும் வேண்டாம்னு சொல்லப் போறாங்க. இவர் எப்படிக் கை தூக்கினாலும் ரெண்டுக்கு ஒண்ணு. அவங்களுக்குத் தேவை இவர் ஓட்டு இல்ல, இவர் உட்காருறது. இவர் உட்காரலைன்னா விசாரணை இல்ல. விசாரணை இல்லாமப் பதினஞ்சு நாள் போயிடுச்சுன்னா என்ன ஆகும்?"

"நியமனம் ரத்து. கேர்லி சொன்னாங்களே!"

"கேர்லி சொன்னது 'கெடு முடியுது'ன்னு. யாருக்குக் கெடுன்னு சொல்லல. சட்டத்துல என்ன இருக்குன்னு நான் இருபத்திரண்டு வருஷம் கையால எழுதியிருக்கேன். பதினஞ்சு நாள்ல சபை பதில் சொல்லலைன்னா சம்மதம்னு அர்த்தம். இன்னிக்கு அஞ்சு மணி அடிச்சா பெர்பெக்தா தலைமை டாக்டர்."

டிங்டாங் தலையைப் பிடித்துக்கொண்டான். "அப்ப நாம எதுக்கு மேடம் இவரைத் தேடினோம்?"

"கேர்லியோட காவலாளிங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நாம கண்டுபிடிக்கணும்ல? பத்திரமா இருக்காரான்னு பார்த்துட்டு, கதவைச் சாத்திட்டு, அஞ்சு மணி ஒரு நிமிஷத்துக்குப் போய் கிடைச்சுட்டாருன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

நடையில் எங்கோ ஒரு பல்லி கத்தியது. டிங்டாங் செல்போனைப் பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

"மேடம்..."

"என்ன?"

"சந்தோஷத்துல... கேர்லிக்கு மெசேஜ் போட்டுட்டேன். 'கிடைச்சுட்டாரு. வெறிநாய் அறை'ன்னு. கூட ஒரு நாய் படமும் அனுப்பினேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். டிங்டாங் கட்டைவிரலால் கெட்டான். மிலா மேடம் அவனைத் திட்டக்கூட இல்லை, அதுதான் அவனை அதிகம் குத்தியது. தன் ஆறு பன்றிகளையும், மகளின் வெள்ளைச் சீருடையையும், டாக்டரின் சாயாத முதுகையும் தானே பாலத்திலிருந்து தள்ளிவிட்ட பாவி என்று அவனுக்குத் தோன்றியது.

அதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம். இரண்டு காவலாளிகளுக்கு நடுவில், விசிறியோடு, முகமெல்லாம் பல்லாக, மாண்புமிகு கேர்லி.

"குமாரே!" பேபி எழுந்து அசடு வழிந்தார்.

"ஐயோ கும்பாரே! மூணு நாளா உங்களுக்காக நோவேனா ஜெபம் சொல்றேன்!" கேர்லி கன்னத்தோடு கன்னம் வைத்தார். கண் மட்டும் கடிகாரத்தில் இருந்தது. "மணி நாலு முப்பது. சட்டையைப் போடுங்க. ரெண்டே நிமிஷ வேலை. மிலா, ரொம்ப நன்றி. உன் ஆள் ரொம்பக் கெட்டிக்காரன்."

கெட்டிக்காரன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

*

காவலாளிகள் இரண்டு பக்கமும் தாங்க, பேபி கூடத்தை நோக்கி நடந்தார். மிலா பின்னால் நடந்தபடியே அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்த இன்றைய நிகழ்ச்சி நிரலைக் கிழித்துப் பார்த்தார். கூடத்து வாசலில், பேபி சட்டையை மாட்டிக்கொள்ள நின்ற அரை நிமிடத்தில், எட்டி அவர் காதில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பேபி திகைத்துப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மூன்று நாளில் முதல்முறையாக நிம்மதி படர்ந்தது.

"என்ன மேடம் சொன்னீங்க?"

"உட்காரு. தொப்பியைக் கழட்டு."

மணி நான்கு நாற்பது. கேர்லி சுத்தியலைத் தட்டினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மாகாணமே செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தது. மாடத்தில் ஆயரின் செயலாளர் உட்கார்ந்திருந்தார். கேர்லி பங்குக் கோயில் மாதர் சங்கத்தின் தலைவி, பதினெட்டு வருடமாக.

"விசாரணை தொடங்குது. நேரா வருகைப்பதிவுக்குப் போயிடலாம்" என்றார் கேர்லி.

"மன்னிக்கணும் தலைவி அவர்களே" என்று எழுந்தார் பேபி. "ஜெபம் சொல்லாமலா?"

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. ஜெபம் இல்லாமல் அந்த மாகாணத்தில் கழிவறைகூடத் திறந்து வைப்பதில்லை. ஆயரின் செயலாளர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"ஆ... ஆமாமா, ஜெபம்" என்றார் கேர்லி. "சீக்கிரம். இன்னிக்கு யார் முறை?"

எழுத்தர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "மாண்புமிகு பேபி எஸ்குவெத்தா."

டிங்டாங் மிலாவைத் திரும்பிப் பார்த்தான். மிலா மேடம் ஏற்கெனவே கண்ணை மூடிக் கை கூப்பியிருந்தார்.

பேபி மேடையின் நடுவுக்கு வந்தார். கைகளை விரித்தார். "எல்லாம் வல்ல இறைவா" என்று ஆரம்பித்தார்.

கவர்னருக்காக வேண்டினார். கவர்னரின் மனைவிக்காக வேண்டினார். கொரியாவில் இருக்கும் இரண்டு உறுப்பினர்களுக்குக் குளிர் தாங்கும் உடம்பும் குப்பை பிரிக்கும் ஞானமும் கேட்டார். மாகாணத்தின் பத்தொன்பது ஊர்களையும் வடக்கிலிருந்து தெற்காக ஆண்டவர் முன் வைத்தார். அதில் ஒன்றை விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்து, தெற்கிலிருந்து வடக்காக மறுபடி வைத்தார்.

"ஆமென்!" என்றார் கேர்லி உரக்க.

"ஆமென்" என்றது கூடம்.

"மேலும் ஆண்டவரே" என்றார் பேபி, "உம்முடைய படைப்புகளான பன்றிகளை நினைத்தருளும். வெள்ளைப் பன்றியை, கறுப்புப் பன்றியை, இரண்டும் கலந்த புள்ளிப் பன்றியை..."

டிங்டாங் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தான். நாலு ஐம்பது. சட்டென்று அவனுக்குப் புரிந்தது. ஜெபம் முடிந்தால்தான் வருகைப்பதிவு. வருகைப்பதிவு முடிந்தால்தான் கோரம். நடுவில் ஆண்டவரை மறித்து 'போதும், உட்காரும்' என்று சொல்ல அந்த மாகாணத்தில் எந்த அரசியல்வாதிக்கும் முதுகெலும்பு கிடையாது. அவன் இத்தனை உருக்கமாக வாழ்க்கையில் ஜெபித்ததே இல்லை. "வாலையும் சேர்த்துக்கோங்க சார்" என்று முணுமுணுத்தான்.

"ஆமென்!" என்றார் கேர்லி மறுபடி. விசிறி அவர் கையில் முறிந்துவிட்டது.

"ஆமென்" என்றது கூடம்.

"கடைசியாக ஆண்டவரே" என்றார் பேபி. கேர்லியின் முகம் மலர்ந்தது. "என் ஞானப்பிள்ளைகளை ஒவ்வொருவராக உம் பாதத்தில் வைக்கிறேன். அபெலார்தோ. அடோரசியோன். அக்ரிபினா..."

நாலு ஐம்பத்தாறுக்கு எழுத்து 'பி' தாண்டவில்லை. நாலு ஐம்பத்தேழில் கேர்லி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து பேபி, "என் குமாரே கேர்லியின் அருமை மகன் பெனெடிக்தோ. அவனுக்கு நல்ல கல்லீரலைத் தாரும்" என்றார். கேர்லியின் திறந்த வாய் மூடிக்கொண்டது. பெற்ற வயிறு, என்ன செய்வார்? தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணில் ஒரு துளி நீர்கூட வந்தது.

"...பெர்பெக்தா" என்று பேபி வரிசையை உடைத்து அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. "இவளுக்குப் பக்கத்தில் நிற்பேன் என்று உம் முன்னால் சொன்னேன். என்னால் முடிந்த வகையில் நின்றுவிட்டேன். கோழைக்கு இதற்கு மேல் தெரியவில்லை. மன்னித்தருளும்."

டாக்டர் பெர்பெக்தா தலை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய முதுகு அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தது.

அலுவலகம் முடியும் மணி கட்டடம் முழுக்க அலறியது.

"ஆமென்" என்றார் பேபி.

இந்த முறை கேர்லி சொல்லவில்லை. பாய் லக்சாமானா மட்டும் பழக்கதோஷத்தில் தலையாட்டினார். எழுத்தர் எழுந்து, "நேரம் ஐந்து. கோரம் அறிவிக்கப்படவில்லை. பதினைந்து நாள் முடிந்தது" என்று பதிந்துகொண்டார். மாடத்திலிருந்து யாரோ விசிலடித்தார்கள். ஆயரின் செயலாளர் இறங்கி வந்து, இவ்வளவு பக்தியான விசாரணையைத் தாம் கண்டதேயில்லை என்று கேர்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேர்லி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

டிங்டாங் அழுதுகொண்டே ஓடி டாக்டரின் கையைப் பிடித்தான். "ஆறும் நல்லா இருக்கு டாக்டர்! மூத்தது குட்டி போடப் போகுது!"

"சந்தோஷம்" என்றார் டாக்டர். பிறகு அவன் விரலைத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன கீறல்?"

"தாழ்ப்பாள் கிழிச்சது டாக்டர். பரவாயில்ல, நாய் நக்கி விட்டுச்சு."

"எந்த நாய்?"

டிங்டாங் சொன்னான். சொல்லச் சொல்ல டாக்டரின் புன்னகை மறைந்து, பாலத்தில் லாரிகளைத் திருப்பி அனுப்பிய முகம் வந்து உட்கார்ந்தது.

"உள்ள வேற யார் இருந்தா?"

டிங்டாங் நம்பிக்கையோடு மிலாவைப் பார்த்தான். மிலா மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தார். "நான் வெளியிலதான் நின்னேன். பலகையில சின்ன எழுத்துல எல்லாம் போட்டிருக்கே, படிக்கலையா?"

பேபி ஓசைப்படாமல் பக்கவாசலை நெருங்கியிருந்தார். நூற்றுப்பத்து கிலோ ஓசைப்படாமல் நகர்வது லேசில்லை.

"நினோங்!" என்று கூப்பிட்டார் மாகாணத்தின் தலைமைக் கால்நடை மருத்துவர். "எத்தனை நாள்?"

"மூணு... மூணுதாம்மா. ரொம்ப நல்ல நாய்."

"தெருமுனையில நாய்க்கடி ஆஸ்பத்திரி ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும். உங்க ரெண்டு பேருக்கும் இன்னிக்கே முதல் ஊசி. இந்த மாசத்துக்குள்ள மிச்சத்தையும் போட்டுக்கணும். வாங்க."

"பெர்பெக்தா! நான் உன் கல்யாணத்துல பக்கத்துல நின்னவன்மா!"

"அதனாலதான் நினோங்" என்றார் டாக்டர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. "அத்தனை ஊசியும் போட்டு முடிக்கிற வரைக்கும் நானும் உங்க பக்கத்துல நிக்கப் போறேன்."

மூன்று நாளாக யாருக்கும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் தப்பித்த மாண்புமிகு பேபி எஸ்குவெத்தா, மறுபேச்சில்லாமல் சட்டைக் கையை மடக்கினார்.